அக்கட்டக் கணக்கு, இக்கட்டக் கணக்கு

ஆனைகட்டியில் பண்டிகைச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது, எந்தச் சாமானை எந்த மாநிலத்தில் வாங்குவது என்பதுதான். ஊர்ப் பெயர் ஒன்று. நடுவில் கொடுங்கரைப்பள்ளம். பாலத்துக்கு இந்தப் பக்கம் கோயமுத்தூர் மாவட்டம், அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. இங்கே கோயமுத்தூர் டவுன் பஸ் வந்து திரும்பும். அங்கே மண்ணார்க்காட்டு பஸ் வந்து திரும்பும். நான் பிறந்தது அக்கட்ட, வாக்கப்பட்டது இக்கட்ட. அம்மா வீட்டில் கேரளத்து ரேஷன் கார்டு, என் வீட்டில் தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டு. இரண்டு அரசாங்கம் சேர்ந்து தாங்குகிற குடும்பம் எங்களுடையது. அப்படியிருந்தும் மாசக் கடைசியில் இழுபறிதான்.

இன்றைய நிலவரத்தை அம்மா வாயால் கேட்டால் இப்படி இருக்கும். பால் இக்கட்ட வாங்கணும். 2021 மே மாசம் ஆவின் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தது, 2022 டிசம்பரில் மில்மா ஆறு ரூபாய் ஏற்றியது. பெட்ரோலும் இக்கட்டத்தான், கேரளத்தில் விலையே கூடுதல், அதற்கு மேல் 2023 ஏப்ரலிலிருந்து இரண்டு ரூபாய் செஸ். அதனால் கே.எல். நம்பர் வண்டிகள் கோயமுத்தூர் போனால் டேங்கை நிரப்பிக்கொண்டுதான் மலை ஏறும். துவரை, உளுந்து, கடலை, மிளகாய், மல்லி, சர்க்கரை எல்லாம் அக்கட்ட சப்ளைகோவில். பதின்மூன்று சாமான்களுக்கு 2016-இல் இருந்த மானிய விலையை 2024 பிப்ரவரி வரை ஏற்றாமலே வைத்திருந்தார்கள். சரக்கு இருக்கிற அன்றைக்குப் போகணும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெயை மட்டும் எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்க முடியவில்லை. 2025 ஓணத்துக்கு முன்னால் லிட்டர் ஐந்நூறு ரூபாயைத் தாண்டியபோது, அம்மா தலைக்கு எண்ணெய் வைப்பதை வாரத்துக்கு ஒரு நாள் ஆக்கிவிட்டு, "வயசானா முடி எதுக்கு கண்ணு" என்று சித்தாந்தம் பேசினாள்.

பள்ளிக்கூடம் போகாத மனுஷி. இரண்டு மாநிலத்து விலைப்பட்டியலும் நுனி நாக்கில்.

அந்தக் காலத்தில், அதாவது எண்பதுகளில், பட்டியல் இவ்வளவு நீளம் கிடையாது. வாங்குவதே நாலு சாமான்: உப்பு, புளி, மண்ணெண்ணெய், வெல்லம். ராகியும் சாமையும் காட்டில் விளைந்தன. அவரை வேலியில் காய்த்தது. வேண்டுமென்றால் பறித்துக்கொள்வது, வேண்டாமென்றால் மாட்டுக்கு. அப்பா ஒரு மலையாளியின் தோட்டத்தில் வேலை பார்த்தார். சனிக்கிழமை கூலி. அது வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வழியில் அதற்குப் பல சோதனைகள். மிஞ்சியது அம்மா கைக்கு வரும். அம்மா அதை வாங்கி, எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொள்வாள். எண்ணுவது பிறகு, ஆள் இல்லாதபோது.

அம்மாவின் பேங்க் ராகி மொடாவுக்குள் இருந்தது. புளி தட்டிக் கொடுத்த கூலி, முட்டை விற்ற காசு, அவரைக்காய் விற்ற காசு எல்லாம் ஒரு கிழிசல் துணியில் முடிச்சாகி, மொடாவின் அடியில் போய் உட்காரும். அந்த இடத்தை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அரிசிப் பானையில் வைத்தால் யார் வேண்டுமானாலும் கையை விடுவார்கள். ராகிக்குள் முழங்கை வரை கையை விட்டால் சொணை பிடித்துக்கொள்ளும். சாயந்திரம் வரை சொறிய வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கையைச் சொறிந்துகொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தால், அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள். மொடாவை மட்டும் வேறு மூலைக்கு நகர்த்துவாள். அந்தச் சிறுவாட்டுக் காசுதான் எங்கள் தீபாவளி.

பண்டிகை மளிகைக்கு அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து கோயமுத்தூர் போவார்கள். ரங்கே கவுடர் வீதி. மொத்தக் கடைகள். அங்கே கால் கிலோ அரைக் கிலோ என்று போய் நின்றால் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். ஆனால் மூன்று வீட்டுக் காசையும் சேர்த்தால் ஒரு டின் கடலை எண்ணெய், ஒரு சிப்பம் வெல்லம், கடலைப் பருப்பு என்று வாங்கலாம். விலை பேசுகிற பொறுப்பு எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு. கடைக்காரர் ஒரு விலை சொன்னதும் அவர் வருத்தத்தோடு, "சரிங்க, அப்ப இந்த வருஷம் நோம்பி இல்லைங்க" என்று சொல்லி நடக்க ஆரம்பிப்பார். மூன்றாவது எட்டுக்குள் கூப்பிட்டால் விலை இறங்கும். கூப்பிடாவிட்டால் அடுத்த கடை.

வாங்கி வருவதைவிடப் பங்கு போடுவதுதான் பெரிய வேலை. எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று பாத்திரம் வைத்து, எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுவார்கள். இவளுக்கு ஒரு கரண்டி, அவளுக்கு ஒரு கரண்டி, எனக்கு ஒரு கரண்டி. பேச்சே இருக்காது. டின் காலியானதும் அதை வெயிலில் கவிழ்த்து வைத்து, வடிகிறதை ஒரு கிண்ணத்தில் பிடித்து, அதையும் மூன்றாகப் பிரிப்பார்கள். அதற்குப் பிறகு வரும் நிஜமான பிரச்சினை: டின் யாருக்கு? தகர டின் என்றால் சும்மாவா. மேலே வெட்டிக் கம்பி கட்டினால் தண்ணீர் வாளி, விரித்தால் கோழிக் கூண்டுக்குக் கூரை. வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருந்தார்கள். போன வருஷம் யாருக்குப் போனது என்பதில் மட்டும் எப்போதும் தகராறு. ஒரு தீபாவளிக்கு அந்தத் தகராறில் இரண்டு வீடு பேசிக்கொள்ளவே இல்லை. பலகாரத் தட்டு மட்டும் என் கையில் போய் வந்தது.

பலகாரத் தட்டின் கணக்கு தனி. எங்கள் வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் போகும். அவர்கள் வீட்டிலிருந்து தட்டு காலியாக வரக் கூடாது, அதனால் அவர்கள் முறுக்கும் அதிரசமும் வரும். எண்ணெய் ஒரே டின், வெல்லம் ஒரே சிப்பம். ஆக, நாங்கள் எங்கள் பலகாரத்தையே கொடுத்து எங்கள் பலகாரத்தையே வாங்கித் தின்றோம். செலவில்லாத பரிசு என்றால் அதுதான். ருசி மட்டும் வேறு வேறாக இருந்தது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

துணிக்கு அம்மா கண்டுபிடித்த வழியை இன்றைக்கு யாராவது செய்தால் யூடியூபில் போடுவார்கள். அப்பாவின் முதலாளி ஓணத்துக்கு வேலைக்காரர்களுக்குக் கோடி கொடுப்பார்: கரைவேட்டி, முண்டு. ஓணம் ஆவணியில் வந்து போய்விடும். அம்மா அந்தத் துணியை ஒரு நாள்கூட உடுத்தாமல் மடித்துப் பெட்டியில் வைப்பாள். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அது வெளியே வரும். சாயப்பொடி வாங்கி, அண்டாவில் கொதிக்கவைத்து முக்கி எடுத்தால் ஒரு வருஷம் பச்சை, ஒரு வருஷம் ஊதா. எனக்குப் பாவாடை, மிச்சத்தில் தம்பிக்குச் சட்டை. கசவுக் கரை மட்டும் சாயம் ஏறாமல் பளிச்சென்று நிற்கும். அக்கட்டத்து ஓணம், இக்கட்டத்துத் தீபாவளியாக என் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. தையல்காரருக்கு அம்மாவின் உத்தரவு எப்போதும் ஒன்றே: "வளர்ற புள்ளைங்க, உள்ளே மடிச்சு விடுங்க." பாவாடைக்குள் எட்டு விரற்கடைத் துணி மடிந்திருக்கும். இரண்டு வருஷம் வளர்ந்தேன். மடிப்பு அதற்கு மேலும் இருந்தது.

பட்டாசிலும் மிச்சம் பிடித்தார்கள், அது அப்பா. லட்சுமி வெடியில் பாதியை எடுத்துப் பரண்மேல் வைத்துவிடுவார். காட்டுக்குள் ஆனை இறங்கினால் விரட்ட வேண்டுமே. எங்களுக்குக் கம்பி மத்தாப்பும் பிஜிலியும். பெரிய வெடிகள் ஆனைகளுக்கு. தம்பி ஒருமுறை, "ஆனை வரலைன்னா நமக்குத் தருவீங்களா?" என்று கேட்டான். ஆனை தவறாமல் வந்தது.

இந்தக் கதைகளைக் கேட்டு என் மகன் சிரிப்பான். கோயமுத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாசம் பிறந்தால் சம்பளம் அக்கவுண்டில் விழுகிறது. ஞாயிறானால் ஊருக்கு வருகிறான். வரும்போது ஏதாவது 'ஆஃபரில்' வாங்கி வருகிறான். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று மூன்று ஷாம்பூ. ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்பதற்காக, முந்நூறு ரூபாய்ச் சாமானோடு இருநூறு ரூபாய்க்கு நாங்கள் யாரும் தின்னாத பிஸ்கட். அம்மா வீட்டுக்கு ஆர்டர் போட்டால் டெலிவரி கிடையாது என்று போனே சொல்கிறது. இக்கட்ட என் வீட்டு விலாசத்துக்கு வரும். அதைத் தூக்கிக்கொண்டு நான் பாலம் தாண்டுவேன்.

பலகாரத் தட்டின் இடத்துக்கு இப்போது டிரை ஃப்ரூட் பெட்டி வந்திருக்கிறது. கம்பெனி கொடுத்தது, கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது, மாமனார் வீட்டிலிருந்து வந்தது. பளபளக்கும் தாள், உள்ளே நாலு குழி, ஒவ்வொரு குழியிலும் கைப்பிடி முந்திரி, திராட்சை, பாதாம், பிஸ்தா. அதை யாரும் திறப்பதில்லை. வந்த பெட்டியை அடுத்த வீட்டுக்கு, அவர்கள் அடுத்த வீட்டுக்கு. ஒரு தீபாவளியில் மகன் எடுத்து வந்த பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. அதற்கு முந்தின பொங்கலுக்கு நாங்கள் வேறு யாருக்கோ கொடுத்த பெட்டியிலும் அதே மூலை நசுங்கியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. செலவில்லாத பரிசு முறை ஒழிந்துவிடவில்லை, தின்பது மட்டும் நின்றுபோயிற்று.

ராகியின் கதை இன்னும் மேல். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. கேரள அரசு அதற்கு முன்பே, 2017-இல், அட்டப்பாடியில் மில்லட் கிராமத் திட்டம் என்று ஊர்களில் ராகியும் சாமையும் மறுபடி விதைக்க வைத்தது. அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேலியில் காய்த்து, வேண்டாமென்று மாட்டுக்குப் போட்டோமே, அதற்குத்தான். நல்ல விஷயம், விளைவிக்கிற இருளர் வீட்டுக்கு நாலு காசு கூடுதலாகப் போனால் சந்தோஷம். ஆனால் கோயமுத்தூரிலிருந்து உறவுக்காரர் ஒருவர் தீபாவளிப் பரிசாக 'மில்லட் ஹேம்பர்' கொண்டுவந்தபோது அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூங்கில் கூடை, ரிப்பன், உள்ளே ராகி பிஸ்கட், சாமை முறுக்கு, வரகு மிக்சர். அட்டையில் விலை இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படிக்கச் சொன்னாள். "இந்தக் காசுக்கு அன்னைக்கு மொடாவையே வித்திருக்கலாமே சாமி."

அரசாங்கப் பரிசுகளுக்கு வருவோம். 2020-இல் கொரோனா. பாலத்தில் தடுப்பு, போலீஸ், இ-பாஸ். பிறந்த வீடு கூப்பிடு தூரம், போக முடியாது. அந்த ஓணத்துக்குக் கேரள அரசு எல்லாக் கார்டுக்கும் பதினொரு சாமான் கிட் கொடுத்தது. அம்மா தன் பங்கிலிருந்து பப்படக் கட்டையும் சேமியாவையும் மஞ்சப் பையில் போட்டு எடுத்துவந்து தடுப்புக்கு அக்கட்ட நின்றாள். போலீஸ்காரர் பையை வாங்கிப் பார்த்துவிட்டு எங்களிடம் நீட்டினார். அடுத்த பொங்கலுக்கு, 2021-இல், தமிழ்நாட்டில் கார்டுக்கு 2,500 ரூபாய். கரும்பும் அரிசியும் சர்க்கரையும் அம்மா வீட்டுக்குப் போயின. 2021 ஓணத்துக்கு அக்கட்ட பதினாறு சாமான், 2022 பொங்கலுக்கு இக்கட்ட இருபத்தொன்று. இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு ஏற, எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. 2020 ஓண கிட்டிலும் வெல்லத்தைப் பற்றிப் புகார், 2022 பொங்கல் பையிலும் வெல்லத்தைப் பற்றிப் புகார் என்று பேப்பரில் வந்தது. மொழி வேறானாலும் வெல்லம் ஒன்று. 2023-இல் கேரளம் கிட்டை மஞ்சள் கார்டுக்காரர்களோடு நிறுத்திக்கொண்டது. அம்மாவுடையது வேறு நிறம். 2025 பொங்கலுக்குத் தமிழ்நாடு ரொக்கத்தை விட்டுவிட்டு அரிசி, சர்க்கரை, கரும்போடு முடித்தது. பரிசு கொடுக்கிறவர்களுக்கும் மாசக் கடைசி உண்டு போல.

ஆண்களின் சேமிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குற்றமாகும். அட்டப்பாடியில் மதுவிலக்கு, எல்லைக்கு இக்கட்ட டாஸ்மாக் இருந்தது. இந்த வசதியால் அக்கட்ட வீடுகளில் எத்தனை நோம்பி கரைந்தது என்று பெண்களுக்குத் தெரியும். கடையை மூடு என்று அட்டப்பாடிப் பெண்கள் பாலம் தாண்டி வந்து போராடியதை ஊர் பார்த்திருக்கிறது. லாட்டரி அதற்கு எதிர்த்திசை. தமிழ்நாட்டில் 2003-இல் தடை; இக்கட்ட ஆட்கள் அக்கட்ட போய் வாங்குவார்கள். ஒருவன் பாட்டிலுக்கு வர, ஒருவன் சீட்டுக்குப் போக, பாலத்தில் முகம் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். 1968 ஜனவரியில் நடந்த கேரள லாட்டரியின் முதல் குலுக்கலில் சீட்டு ஒரு ரூபாய், பரிசு 50,000. இன்றைக்குத் திருவோணம் பம்பர் 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. 2023-இல் அந்த 25 கோடி, வாளையாரில் வாங்கிய சீட்டுக்கு, திருப்பூர் மாவட்டத்துக்காரர்கள் நாலு பேருக்கு விழுந்தது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் உள்பட ஐந்து பேர், ஆளுக்கு நூறு போட்டு ஓணத்துக்கு ஒரு சீட்டு எடுக்கிறார்கள். எண்ணெய் டின்னுக்குக் கூட்டுச் சேர்ந்த ஊரில் இன்று கூட்டுச் சேர்வது இதற்கு மட்டும்தான். சீட்டு யார் வீட்டில் இருப்பது என்பதில் தகராறு வேறு.

அம்மாவின் ராகி மொடா என்ன ஆயிற்று என்றால், 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி கவிழ்ந்தது. ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று டி.வி.யில் சொன்னதும் அம்மா முகம் வெளுத்தது. மறுநாள் விடியற்காலை முடிச்சு வெளியே வந்து, தம்பி முன்னால் எண்ணப்பட்டது. தொகையைக் கேட்டுத் தம்பி பெருமூச்சு விட்டான். அப்பா இருந்திருந்தால் அழுதிருப்பார். அதெல்லாம் பேங்கில் போய்ச் சேர்ந்தது. அதோடு சிறுவாடும் முடிந்தது.

சிறுவாடு சேர்வதற்குப் பணம் இருந்தால் போதாது, மறைவு வேண்டும். இப்போது மறைவு எங்கே? அம்மாவுக்கு முதியோர் பென்ஷன் வந்தால் தம்பி போனில் மணி அடிக்கிறது. எனக்கு 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை மாசம் ஆயிரம் வருகிறது. எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் போனுக்குச் செய்தி வருகிறது. "உனக்கு ஆயிரம் வந்துடுச்சு, கேஸ் புக் பண்ணிடலாமா?" என்கிறார். கையில் தொடாத காசை எந்த மொடாவில் ஒளிப்பது?

போன தீபாவளிக்கு மகன் பெரிய கடையில் மொத்த மளிகையும் வாங்கி வந்தான். பில் முழ நீளம். அம்மா எங்கள் வீட்டில் இருந்தாள். "படி கண்ணு" என்றாள். அவன் பருப்பு, எண்ணெய், சர்க்கரை என்று படித்துக்கொண்டே வந்து கடைசி வரியைக் கொஞ்சம் சத்தமாகப் படித்தான்: "இன்று நீங்கள் சேமித்தது ரூபாய் 412."

"எங்கே அது?" என்றாள் அம்மா.

"எது அம்மிச்சி?"

"அந்த நானூத்திப் பன்னெண்டு. சேமிச்சதுன்னு எழுதியிருக்குதல்ல. எங்கே வெச்சிருக்கறே?"

எம்.ஆர்.பி. என்றால் என்ன, தள்ளுபடி என்றால் என்ன என்று அவன் பொறுமையாக விளக்கினான். அம்மா பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்து, "சரி சாமி, அப்ப அந்தக் காசு உன் பாக்கெட்டிலேதானே நிக்குது? எடு" என்று கையை நீட்டினாள். நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, எனக்கும்தான். ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தான். மீதி எண்பத்தெட்டு திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு மாசா மாசம் பில்லைக் கேட்டு வாங்கி, கடைசி வரியை என்னிடம் படிக்கச் சொல்லி, அச்சிட்ட சேமிப்பை ரொக்கமாக வசூல் பண்ணிவிடுகிறாள். எங்கே போட்டு வைக்கிறாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எந்தப் போனிலும் மணி அடிப்பதில்லை. பொங்கலுக்கு எனக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் ஆளுக்கொரு சேலை வந்தது, கோ-ஆப்டெக்ஸ், தள்ளுபடி போக. மகன் இப்போது, பில்லில் அந்த வரி அச்சாகாத கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்.